ஹைப்பர்கியூபிலும் மெஷ்ஷிலும் வழி தேர்தல், செய்தி பரப்புதல்: தாளில் தொடங்கி நிரல் வரை முழுமையான வழிகாட்டி

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு, பல கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இணைப்பு வலையமைப்புகளைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு வரும் மாணவர்களைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் தொடர்ந்து பார்க்கிறேன். பெரும்பாலோர் முதல் நாளே நிரல் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நிரல் ஓடுகிறது, எண்கள் வருகின்றன. அந்த எண்கள் எதை அளக்கின்றன என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் அமைதி. கணுக்கள், அதாவது வலையமைப்பிலுள்ள கணினிகள், எந்த விதிப்படி பேசிக்கொள்கின்றன என்று முடிவு செய்யாமலே அல்காரிதத்துக்குள் நுழைந்துவிடுவதுதான் காரணம்.

கீழே உள்ள படிகளை முடித்தால் 8 கணு ஹைப்பர்கியூபிலும் 4×4 மெஷ்ஷிலும் வழி தேரும், செய்தி பரப்பும், டெட்லாக் (செய்திகள் ஒன்றுக்கொன்று காத்து எல்லாம் உறைந்து நிற்பது) வந்தால் காட்டிக்கொடுக்கும் சிறிய சிமுலேட்டர் ஒன்று உங்களிடம் இருக்கும். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கையால் சரிபார்த்த எண்ணை நம்பியே நிற்கிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஏதாவது ஒரு நிரல்மொழி. பைத்தான் போதும். கிளஸ்டர் வேண்டாம், கிராபிக்ஸ் அட்டை வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தின் பழைய கணினியே தாராளம்.

இரும எண்களில் 0 முதல் 15 வரை தயங்காமல் எழுதத் தெரிய வேண்டும். எக்ஸ்-ஆர் (XOR) கணக்கைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும்: இரண்டு எண்களில் எந்தெந்த பிட்கள் வேறுபடுகின்றனவோ அந்த இடங்களில் மட்டும் 1 வரும். வரைபடக் கோட்பாட்டில் விட்டம் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்: எந்த இரு கணுக்களை எடுத்தாலும் அவற்றுக்கிடையிலான மிகக் குறுகிய தொலைவுகளில் மிகப் பெரியது.

64 கணுவில் தொடங்க வேண்டாம். 8 கணுவில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியும். 64 கணுவில் அதே தவறு சராசரிக்குள் கரைந்துவிடும்.

2. அல்காரிதத்துக்கு முன் விதிகளை எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்தப் பக்கம் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஒரு கணு ஒரே சுற்றில் எத்தனை அண்டைக் கணுக்களுக்கு அனுப்பலாம்? ஒன்றுக்கு மட்டும் என்றால் ஒரு-போர்ட் முறை. எல்லா இணைப்பிலும் ஒரே சமயத்தில் அனுப்பலாம் என்றால் பல-போர்ட் முறை. இந்த ஒரு விடை மாறினாலே முடிவு தலைகீழாகும். எட்டுக் கணுக்களும் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்திருந்தால், பல-போர்ட் முறையில் பரப்புதல் ஒரே சுற்றில் முடிந்துவிடும். ஒரு-போர்ட் முறையில் மூன்று சுற்று வேண்டும், ஏனெனில் செய்தி தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஒரு சுற்றில் இரட்டிப்பாவதற்கு மேல் வளர முடியாது. நடுவில் ஒரு கணுவும் அதைச் சுற்றி ஏழும் என்ற நட்சத்திர அமைப்பில், நடுக்கணு பரப்பினால் அதே இரண்டு விடைகள் ஒன்றும் ஏழும் ஆகும்.

செய்தி இடைக்கணுக்களை எப்படிக் கடக்கிறது? முழுச் செய்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்பினால் அது சேமித்து அனுப்பும் முறை. செய்தியை ஃபிளிட் எனும் சிறு துண்டுகளாக்கி, தலைத்துண்டு வழியைத் திறந்துகொண்டே போக மற்றவை பின்தொடர்ந்தால் அது வார்ம்ஹோல் முறை. 100 ஃபிளிட் செய்தி 6 இணைப்புகளைக் கடக்கட்டும், ஒரு ஃபிளிட் ஓர் இணைப்பைக் கடக்க ஒரு சைக்கிள் ஆகட்டும். முதல் முறையில் 600 சைக்கிள். இரண்டாவதில் தலைத்துண்டுக்கு 6, மீதி 99 துண்டுகளுக்கு 99, ஆக 105. நெரிசல் இல்லாதவரை வார்ம்ஹோலில் தொலைவு பெரிய செலவே இல்லை.

ஒரு கணு ஒரே சுற்றில் அனுப்பவும் பெறவும் முடியுமா? ஏழாவது படியில் இந்த விடை தேவைப்படும். முடியும் என்றே இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது.

இலக்குக் கணு தன்னிடம் வரும் செய்தியைத் தாமதமின்றி வாங்கிக்கொள்ளுமா? வாங்கும் என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் எட்டாவது படியில் கணக்கு நிற்காது.

3. கணுக்களுக்கு எண் கொடுத்தல்

ஹைப்பர்கியூபில் எட்டுக் கணுக்களுக்கு 000 முதல் 111 வரை எண் கொடுங்கள். ஒரே ஒரு பிட் மட்டும் வேறுபடும் இரு கணுக்களுக்கிடையே இணைப்பு உண்டு. வலக்கோடி பிட் 0-வது பரிமாணம், இடக்கோடி பிட் 2-வது பரிமாணம் என்று நோட்டில் குறித்துவிடுங்கள். பாதியில் மனம் மாறி மறுபக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்கக் கூடாது. தொடங்கினால் எட்டாவது கணு 1000 ஆகிவிடும். மூன்று பிட் எக்ஸ்-ஆர் கணக்கில் அதற்கு இடமில்லை.

மெஷ் என்பது கட்டம்: ஒவ்வொரு கணுவும் மேலும் கீழும் இடமும் வலமும் உள்ள அடுத்த கணுக்களோடு மட்டும் இணைந்திருக்கும். அதில் ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு எண்கள்: முதலில் நெடுவரிசை, பிறகு கிடைவரிசை. மூலைகள் (0,0), (3,0), (0,3), (3,3).

இப்போது இணைப்புகளை எண்ணுங்கள். 8 கணு ஹைப்பர்கியூபில் 12, 16 கணு ஹைப்பர்கியூபில் 32, 4×4 மெஷ்ஷில் 24, விளிம்புகளை வளைத்து இணைத்த 4×4 டோரஸில் 32. உங்கள் நிரல் வேறு எண் தந்தால் அண்டைக் கணுப் பட்டியலில் பிழை இருக்கிறது. அதைத் திருத்தும்வரை மேலே போக வேண்டாம். 16 கணு ஹைப்பர்கியூபுக்கும் 4×4 டோரஸுக்கும் ஒரே எண் வந்தது தற்செயல் அல்ல. நான்கு கணு வளையமும் இரு பரிமாண ஹைப்பர்கியூபும் ஒன்றே என்பதால் இவ்விரண்டும் ஒரே வலையமைப்புதான். இரண்டையும் "ஒப்பிட்டு" தனித்தனி வரைபடம் போட்ட அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன்.

4. ஹைப்பர்கியூபில் ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்கு

பரப்புதலுக்கு முன் ஒற்றை இலக்கு வழியை முடியுங்கள். இது சரியாக இல்லையென்றால் பரப்புதலில் வரும் பிழை எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது.

ஈ-கியூப் முறையின் விதி சிறியது. செய்தி இருக்கும் கணுவின் எண்ணையும் இலக்கின் எண்ணையும் எக்ஸ்-ஆர் செய்யுங்கள். விடை 0 என்றால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. இல்லையென்றால் விடையில் வலப்பக்கத்திலிருந்து முதலில் வரும் 1 எந்தப் பரிமாணத்தில் இருக்கிறதோ அந்த இணைப்பில் அனுப்புங்கள்.

010-இலிருந்து 111-க்குப் போக வேண்டும். எக்ஸ்-ஆர் விடை 101. முதலில் 0-வது பரிமாணம்: 011. அங்கே மீண்டும் கணக்கிட்டால் 100. ஆகவே 2-வது பரிமாணம்: 111. இரண்டே தாவல்.

கணக்கை ஒவ்வொரு கணுவிலும் புதிதாகச் செய்ய வேண்டும். முழு வழியையும் புறப்படும் இடத்திலேயே எழுதிச் செய்தியோடு சுமந்து செல்லத் தேவையில்லை. ரவுட்டரில் அட்டவணை எதுவும் வேண்டாம், இலக்கின் எண் ஒன்றே போதும் என்பதுதான் இந்த முறையின் லாபம்.

இங்கே அதிகம் காணும் தவறு, தொலைவைக் கழித்தலால் கணக்கிடுவது. 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் 1. ஆனால் அவை 011, 100. மூன்று பிட்டும் வேறு என்பதால் தொலைவு 3. அதாவது இந்த வலையமைப்பில் இதைவிடத் தள்ளியிருக்கும் இணையே கிடையாது.

000-இலிருந்து 111-க்கு ஆறு குறுகிய வழிகள் இருக்க, ஒன்றை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறோம், நெரிசலுக்கேற்ப மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று நல்ல மாணவர் கேட்பார். எட்டாவது படியில் நான்கே கணுக்களை வைத்து விடை வருகிறது.

சரிபார்ப்பு: தன்னிலிருந்து தனக்கு உட்பட 64 இணைகளுக்கும் வழி கண்டு, மொத்தத் தாவல்களைக் கூட்டுங்கள். ஒரு கணுவிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் 12 தாவல், ஆக எட்டுக் கணுவுக்கும் 96. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழை.

5. மெஷ்ஷில் எக்ஸ்-ஒய் முறை

விதி: முதலில் கிடைத்திசையில் இலக்கின் நெடுவரிசைவரை போய்விடு, பிறகு செங்குத்தாகப் போ. (1,3)-இலிருந்து (3,0)-க்கு: (2,3), (3,3), பிறகு (3,2), (3,1), (3,0). ஐந்து தாவல்.

புதுச்சேரியின் உள்நகர வீதிகளை மனத்தில் வைத்தால் இது சட்டென்று பிடிபடும். அண்ணா சாலைப் பக்கமிருந்து நேரு வீதியில் நுழையும் ஒருவர், மிஷன் வீதியும் ரங்கப்பிள்ளை வீதியும் சந்திக்கும் முனைக்குப் போக வேண்டும். நேரு வீதியிலேயே கிழக்கே போய், மிஷன் வீதி வந்ததும் தெற்கே திரும்பினால் அது எக்ஸ்-ஒய் வழி. மகாத்மா காந்தி வீதியிலேயே தெற்கே திரும்பி, ரங்கப்பிள்ளை வீதி வழியாகக் கிழக்கே போனாலும் அதே தூரம்தான். ஆனால் தெற்கு-வடக்கிலிருந்து கிழக்கு-மேற்குக்குத் திரும்புவதை எக்ஸ்-ஒய் தடை செய்கிறது. ஊரில் சில திருப்பங்களைப் போக்குவரத்துக் காவலர் மூடிவைப்பது போலத்தான்: சந்திப்பில் எட்டு வகைத் திருப்பங்கள் இருக்க, எக்ஸ்-ஒய் நான்கை மூடிவிடுகிறது.

நான்கை மூடத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. திருப்பங்கள் இரண்டு சுழல்களாக அமைகின்றன: வலஞ்சுழி நான்கு, இடஞ்சுழி நான்கு. ஒவ்வொரு சுழலிலும் ஒன்றை மூடினால் போதும் என்று 1992-இல் கிறிஸ்டோபர் கிளாஸ், லியோனல் நி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மேற்கு-முதல் முறையில் வடக்கிலிருந்து மேற்கே, தெற்கிலிருந்து மேற்கே என்ற இரண்டு திருப்பங்கள் மட்டும் கிடையாது. மேற்கே போக வேண்டிய செய்தி தொடக்கத்திலேயே மேற்கே போய்விட வேண்டும். கடற்கரைப் பக்கம் போகும் செய்திக்கோ வழியில் நெரிசலைப் பார்த்து மாறிக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் சுழலுக்கு ஒன்றாக எந்த இரண்டை வேண்டுமானாலும் மூடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தேர்வுக்குரிய 16 விதங்களில் 12 மட்டுமே டெட்லாக்கைத் தடுக்கும்.

டோரஸுக்கு மாறும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வளையத்தில் குறுகிய திசையைத் தேர, இலக்கிலிருந்து இருப்பிடத்தைக் கழித்து வளைய நீளத்தால் வகுத்த மீதியைப் பார்ப்போம். 8 கணு வளையத்தில் 6-இலிருந்து 1-க்கு: -5-ஐ 8-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 3, சி மொழியில் -5. சி-யில் எழுதுபவர்கள் 8-ஐக் கூட்டிவிட்டு மீண்டும் மீதி எடுக்க வேண்டும். இரண்டாவது, இரு திசையும் சம தூரமாக இருக்கும் நிலை. எப்போதும் ஒரே திசையைத் தேர்ந்தால் அந்தத் திசை இணைப்புகளில் சுமை கூடும். எதைத் தேர்ந்தாலும் விதிகள் பக்கத்தில் எழுதுங்கள்.

சரிபார்ப்பு எண்கள்: 4×4 மெஷ்ஷில் எல்லா இணைகளுக்கும் மொத்தம் 640 தாவல், 4×4 டோரஸில் 512.

6. பரப்புதல்: முதலில் வெள்ளம், பிறகு மரம்

ஒரு கணுவின் செய்தி எல்லாக் கணுக்களுக்கும் போக வேண்டும். எளிய வழி வெள்ளமாகப் பாய்ச்சுவது: முதல்முறை செய்தியைப் பெறும் கணு, வந்த இணைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதை அனுப்பும். ஏற்கெனவே பார்த்த செய்தி என்றால் கைவிட்டுவிடும். பார்த்ததை அடையாளம் காண மூலக் கணுவின் எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த முத்திரை வேண்டும். வரிசை எண் மட்டும் வைத்தால், இரு கணுக்கள் தங்கள் முதல் செய்தியை ஒரே சமயத்தில் பரப்பும்போது ஒன்றை மற்றொன்றின் நகல் என்று கருதித் தூக்கி எறிந்துவிடும்.

வெள்ளத்தை எழுதிப் பார்க்கச் சொல்வது அதன் விலையைக் காட்டத்தான். மொத்த அனுப்புகை: இணைப்புகளின் இருமடங்கிலிருந்து மூலம் அல்லாத கணுக்களின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். 8 கணு ஹைப்பர்கியூபில் 24-இலிருந்து 7 போக 17. உண்மையில் தேவையானது 7. மீதிப் பத்தும் வீண். 16 கணுவில் 49-க்கு 15.

இனி மரம். இதற்குப் பைனாமியல் மரம் என்று பெயர். 000 மூலமாக இருக்கட்டும்.

முதல் சுற்று: 000 தன் 2-வது பரிமாணத்தில் 100-க்கு அனுப்புகிறது. இரண்டாம் சுற்று: 000 010-க்கும், 100 110-க்கும். மூன்றாம் சுற்று: 000 001-க்கும், 010 011-க்கும், 100 101-க்கும், 110 111-க்கும். அனுப்புகை 1, 2, 4, ஆக 7. சுற்று 3. இரட்டிப்பு வாதத்தின்படி ஒரு-போர்ட் முறையில் இதைவிடக் குறைக்க வழியே இல்லை.

கணுவுக்கான விதி: எந்தப் பரிமாணத்தில் செய்தி வந்ததோ, அதற்குக் கீழுள்ள பரிமாணங்களில் மட்டும், பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி அனுப்பு. மூலக் கணு எல்லாப் பரிமாணத்திலும் அனுப்பும்.

"பெரியதிலிருந்து சிறியதாக" என்பதை அலங்காரமாக நினைத்துப் பலர் நிரலின் லூப்பை 0-வது பரிமாணத்திலிருந்து எழுதிவிடுகிறார்கள். மரம் மாறாது, அனுப்புகையும் 7-தான். ஆகவே பிழை இருப்பதே தெரியாது. சுற்றுகளை எண்ணுங்கள். மூலம் முதலில் 001-க்கு அனுப்பும். அதற்குக் கீழே யாரும் இல்லை. பாதிக் கணுக்களுக்குப் பொறுப்பான 100-க்கு மூன்றாம் சுற்றில்தான் செய்தி போகும். அதுவும் அதே தவறான வரிசையில் 101-க்கு நான்காம் சுற்றில், 110-க்கு ஐந்தில் அனுப்ப, 111-க்கு ஆறாம் சுற்றில் போய்ச் சேரும். மூன்றுக்குப் பதில் ஆறு. 16 கணுவில் நான்குக்குப் பதில் பத்து. பெரிய கிளையைச் சுமக்கும் குழந்தைக் கணுவுக்கு முதலில் கொடுக்க வேண்டும், ஏனெனில் அது தன் வேலையைத் தொடங்கக் காத்திருக்கிறது.

அடுத்த தவறு மூலக் கணுவை 000 என்று உறையவைத்துவிடுவது. "என் எண் 4-ஐவிடச் சிறியதாக இருந்தால் அனுப்பு" என்ற வகை நிபந்தனைகள் 000-க்கு மட்டுமே சரி. தேர்வாளர் "101-இலிருந்து பரப்பிக் காட்டுங்கள்" என்று கேட்பார், நிச்சயம் கேட்பார். தீர்வு சார்பு எண்: ஒவ்வொரு கணுவும் தன் எண்ணை மூலத்தின் எண்ணோடு எக்ஸ்-ஆர் செய்து, கிடைப்பதைத் தன் எண்ணாக வைத்து மேற்கண்ட கணக்கைப் போடட்டும். அப்போது மூலம் எப்போதும் 000 ஆகிவிடும்.

கணு எண்ணிக்கை 2-இன் அடுக்காக இல்லாதபோது இது உடையும். 6 கணுக்கள், மூலம் 5 என்றால், 2-ஆம் கணுவின் சார்பு எண் 010-உம் 101-உம் சேர்ந்து 111, அதாவது 7. அப்படி ஒரு கணுவே இல்லை. எம்.பி.ஐ. (MPI, நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படும் இடைமுகம்) போன்ற சூழலில், எந்த இரு கணுவும் பேசிக்கொள்ள முடியும் என்பதால், எக்ஸ்-ஆருக்குப் பதில் மூலத்தின் எண்ணைக் கழித்து 6-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். இலக்கின் சார்பு எண் 6 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த அனுப்புகையை விட்டுவிடுங்கள்.

4×4 மெஷ்ஷில், வார்ம்ஹோல் முறையில், பரப்புதலை நான்கு சுற்றில் முடிக்கலாம். (0,0) முதலில் இரண்டு தாவல் தள்ளியுள்ள (2,0)-க்கு அனுப்பட்டும். அடுத்து (0,0) (1,0)-க்கும், (2,0) (3,0)-க்கும். முதல் கிடைவரிசை முழுதும் செய்தி தெரிந்துவிட்டது. நான்கு நெடுவரிசைகளும் அதே இரண்டு சுற்றைத் தங்களுக்குள் செங்குத்தாகச் செய்யட்டும். எந்தச் சுற்றிலும் இரு செய்திகள் ஒரே இணைப்பைக் கேட்பதில்லை. அதனால்தான் தொலைவு இங்கே தண்டனையாகவில்லை. சேமித்து அனுப்பும் முறையில் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஆறு தாவல் என்பதால் ஆறு சுற்றுக்குக் குறையாது. விதிகள் பக்கத்தை எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

சரிபார்ப்பு: எட்டுக் கணுக்களையும் மாற்றி மாற்றி மூலமாக வைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு கணுவும் ஒரே ஒரு முறை பெற வேண்டும். எந்தக் கணுவும் ஒரு சுற்றில் இரண்டு முறை அனுப்பக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைச் சோதிக்காத நிரல்கள், ஒரு-போர்ட் என்று சொல்லிக்கொண்டே பல-போர்ட்டாக ஓடும்.

7. செய்தி நீண்டால் மரம் தோற்கும்

ஒவ்வோர் அனுப்புகைக்கும் தொடக்கச் செலவு ஒன்று உண்டு. அதற்கு மேல் நீளத்துக்கேற்ற செலவு. தொடக்கச் செலவு 50 அலகு, ஒரு துண்டுக்கு 1 அலகு என்று வைத்துக்கொள்வோம்.

100 துண்டுச் செய்திக்கு, எட்டுக் கணுவில் மரம் மூன்று சுற்று: 3×150 = 450. இதற்குப் பதில் கணுக்களைச் சங்கிலியாக வைத்து, செய்தியை நான்கு பொட்டலமாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால், பொட்டலங்கள் 4, அவற்றோடு முதல் தாவலுக்குப் பிந்தைய 6 தாவல்கள், ஆக 10 படிகள், படிக்கு 75 அலகு, மொத்தம் 750. மரமே வெல்கிறது.

10,000 துண்டுச் செய்திக்கு மரம்: 3×10,050 = 30,150. சங்கிலியில் 20 பொட்டலம், பொட்டலத்துக்கு 500 துண்டு: 26×550 = 14,300. இப்போது சங்கிலி பாதிக்கும் குறைவான செலவில் முடிக்கிறது. மரம் முழுச் செய்தியையும் மூன்று முறை அடுத்தடுத்துக் கடத்துகிறது. சங்கிலியில் எல்லா இணைப்புகளும் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. ஒரு கணு வாங்கிக்கொண்டே அனுப்பவும் முடியும் என்று இரண்டாம் படியில் எழுதியிருந்தால் மட்டுமே இந்த 26 செல்லும்.

ஆகவே "எது சிறந்த பரப்புதல் அல்காரிதம்" என்று தலைப்பிட்ட அறிக்கை எந்த நீளத்துக்கு என்று சொல்லாவிட்டால் ஒன்றும் சொல்லவில்லை. எம்.பி.ஐ. நூலகங்களும் நீளம் பார்த்தே முறையை மாற்றுகின்றன. எம்.பி.ஐ.சி.எச். (MPICH) எனும் நூலகம் குறுஞ்செய்திக்குப் பைனாமியல் மரத்தையும், நீண்ட செய்திக்குச் செய்தியைத் துண்டாக்கி ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து பிறகு எல்லோரும் ஒருவருக்கொருவர் கொடுத்து முடிக்கும் முறையையும் பயன்படுத்துகிறது. பல-போர்ட் ஹைப்பர்கியூபுக்கு, இணைப்புகள் மோதாத பல மரங்களில் செய்தியைப் பிரித்து அனுப்பும் வழியை 1989-இல் ஜான்சனும் ஹோவும் கொடுத்தார்கள். முதல் திட்டப்பணிக்கு அது கட்டாயமில்லை.

சங்கிலியை 0, 1, 2, 3, 4 என்று கோக்காதீர்கள். 3-இலிருந்து 4-க்கு மூன்று தாவல் என்று நான்காம் படியில் பார்த்தோம். கிரே குறியீட்டு வரிசையில் கோத்தால் அடுத்தடுத்த கணுக்கள் எப்போதும் அண்டைக் கணுக்களே: 000, 001, 011, 010, 110, 111, 101, 100.

8. டெட்லாக் இருக்கிறதா என்று வரைந்து பாருங்கள்

ஓடவிட்டுப் பார்த்து "டெட்லாக் வரவில்லை" என்று எழுதுவது சான்று ஆகாது. குறைந்த சுமையில் அது வராமலே இருக்கலாம்.

வார்ம்ஹோல் முறையில் நான்கு கணு வளையத்தை எடுங்கள். ஒவ்வொரு கணுவும் வலஞ்சுழியாக இரண்டு தாவல் தள்ளியுள்ள கணுவுக்கு ஒரே நேரத்தில் நீண்ட செய்தி அனுப்புகிறது. ஒவ்வொன்றும் தன் முதல் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் பிடித்திருக்கும் இணைப்புக்காகக் காத்திருக்கிறது. யாரும் விடுவதில்லை. யாரும் நகர்வதில்லை.

சோதிக்கும் முறை சார்பு வரைபடம். இங்கே புள்ளிகள் கணுக்கள் அல்ல, தடங்கள். ஓர் இணைப்பின் ஒவ்வொரு திசையும் தனித் தடம். ஏதாவது ஒரு செய்தி ஒரு தடத்தை அடுத்து இன்னொன்றைக் கேட்கக்கூடும் என்றால் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு அம்பு போடுங்கள். அம்புகளில் சுழல் இல்லையென்றால் டெட்லாக் வராது. டாலியும் சைட்ஸும் 1987-இல் நிறுவியது இதுதான். கணுக்களைப் புள்ளிகளாக வைத்து வரைந்துவிட்டு "சுழல் இருக்கிறதே" என்று பதறி வருபவர்கள் மிகுதி. வலையமைப்பில் சுழல் இருந்துவிட்டுப் போகட்டும். தடங்களின் சார்பில்தான் இருக்கக் கூடாது.

நான்காம் படியில் விட்ட கேள்விக்கு வருவோம். நான்கு கணு ஹைப்பர்கியூபில் நான்கு செய்திகள், ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி பிட் வரிசையைத் தேர்கிறது. 00-இலிருந்து 11-க்கு 01 வழியாக. 01-இலிருந்து 10-க்கு 11 வழியாக. 11-இலிருந்து 00-க்கு 10 வழியாக. 10-இலிருந்து 01-க்கு 00 வழியாக. நான்கும் குறுகிய வழிகளே. ஆனால் ஒவ்வொன்றின் இரண்டாவது தடமும் அடுத்ததன் முதல் தடம், சுழல் மூடிவிட்டது. ஈ-கியூபில் ஒரு செய்தி கடக்கும் பரிமாணங்களின் எண் ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் இறங்காது. ஆகவே அம்புகள் திரும்பி வர வழியில்லை. ஐந்து வழிகளைத் துறந்ததற்குக் கிடைத்த பலன் அது.

வளையத்திலும் டோரஸிலும் இந்தத் துறவு போதாது, ஒரே திசையில் போனாலே சுழல் உண்டாகும். ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு மெய்நிகர் தடங்கள் வையுங்கள், அதாவது தனித்தனி பஃபர் (செய்தி காத்திருக்கும் சேமிப்பிடம்). எல்லாச் செய்தியும் முதல் தடத்தில் தொடங்கட்டும். வளையத்தில் நீங்கள் குறித்த ஓர் இணைப்பை, 3-இலிருந்து 0-க்கு என்று வைத்துக்கொள்வோம், கடக்கும் செய்தி இரண்டாவது தடத்துக்கு மாறிவிடட்டும். சுழல் அங்கே அறுந்துவிடும். தடத்தை மாற்றிவிட்டுப் பஃபரைப் பொதுவாக வைத்திருந்தால் எந்தப் பயனும் இல்லை.

பரப்புதலில் இன்னொரு பொறி. ரவுட்டரே செய்தியை நகலெடுத்து இரண்டு மூன்று கிளைகளில் ஒரே சமயத்தில் அனுப்பினால், ஒரு செய்தி பல தடங்களைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒற்றை இலக்கு வழியில் டெட்லாக் வராது என்ற சான்று இதற்குச் செல்லாது. ஆறாம் படியில் செய்ததுபோல் ஒவ்வொரு கணுவும் முழுச் செய்தியை வாங்கி, பிறகு தனித்தனி அனுப்புகையாக விடுவது புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. ஐபிஎம்மின் புளூ ஜீன்/எல் கணினியில் 64×32×32 என்று 65,536 கணுக்கள் முப்பரிமாண டோரஸில் இருந்தன. பரப்புதல் போன்ற கூட்டு வேலைகளுக்கு அதன் பக்கத்திலேயே மர வடிவில் தனி வலையமைப்பும் வைத்திருந்தார்கள்.

எம்.பி.ஐ.-யில் ஓடிக்கொண்டிருக்கும் இரு செயல்முறைகள், பெறுவதற்கு முன் இரண்டுமே காத்திருந்து அனுப்பும் கட்டளையைக் கொடுத்து உறைந்து போனால், அது உங்கள் நிரலின் டெட்லாக். வலையமைப்பின் வழிமுறையைக் குறை சொல்லாதீர்கள்.

சிமுலேட்டரில் கண்டுபிடிக்க ஒரே வரி போதும்: சேராத செய்திகள் இருக்கும்போது, ஒரு சைக்கிளில் ஒரு ஃபிளிட்டும் நகரவில்லை, புதிதாக எதுவும் நுழையவும் இல்லை என்றால் நிறுத்தி, எந்தச் செய்தி எந்தத் தடத்தைப் பிடித்திருக்கிறது என்று அச்சிடுங்கள். அந்தப் பட்டியலே சுழலைக் காட்டிவிடும். ஆனால் வலையமைப்பின் ஒரு மூலை மட்டும் உறைந்து, மற்ற இடங்களில் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தால் இந்த வரி ஏமாறும். அதனால் ஒவ்வொரு செய்திக்கும் காத்திருப்பு எண்ணி ஒன்று வைத்து, அது மிக நீண்டால் எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள்.

9. சுமை ஏற்றி அளத்தல்

எல்லோரும் எல்லோருக்கும் சம வாய்ப்பில் அனுப்பும் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் போக்குவரத்தில் எந்த அல்காரிதமும் நன்றாகத் தெரியும். இடமாற்றுப் போக்குவரத்தை ஓட்டுங்கள்: (1,3) கணு (3,1)-க்கு, (0,2) கணு (2,0)-க்கு என்று எண்களைத் தலைகீழாக்கி அனுப்புவது. எக்ஸ்-ஒய் முறையில் 3 என்று எண்ணிட்ட கிடைவரிசையின் மூன்று செய்திகளும் (3,3)-இல்தான் திரும்ப வேண்டும். (2,3)-இலிருந்து அங்கே போகும் ஒரே தடம் மூன்றையும் சுமக்கும். எதிர்த் திசைத் தடம் சும்மா கிடக்கும். இத்தகைய ஒருபக்கச் சுமையைக் கலைக்க, செய்தியை முதலில் ஏதோ ஓர் எழுந்தமான கணுவுக்கு அனுப்பி அங்கிருந்து இலக்குக்கு விடலாம் என்று 1980-களின் தொடக்கத்திலேயே லெஸ்லி வேலியன்ட் காட்டினார். வழி நீளும், சுமை பரவும்.

வரைபடத்தில் கிடையச்சு ஒரு கணு ஒரு சைக்கிளில் செலுத்தும் சுமை, நெட்டச்சு தாமதம். சுமை ஏற ஏற ஓர் இடத்தில் தாமதம் செங்குத்தாக எழும். தொடக்கத்தில் வலையமைப்பு காலியாக இருக்கும் சைக்கிள்களை அளவீட்டில் சேர்க்காதீர்கள், அவை தாமதத்தைக் குறைத்துக் காட்டும்.

தாமதத்தைச் செய்தி வரிசையில் உருவான நொடியிலிருந்து எண்ணுங்கள், வலையமைப்புக்குள் நுழைந்த நொடியிலிருந்து அல்ல. நுழைவாயிலில் காத்திருந்த நேரத்தை விட்டுவிட்டால் நிரம்பி வழியும் வலையமைப்பும் வேகமாகத் தெரியும். சோதனை முடியும்வரை இலக்கை அடையாத செய்திகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எழுதுங்கள். சேர்ந்தவற்றுக்கு மட்டும் சராசரி எடுத்துவிட்டு, அதிகச் சுமையில் தாமதம் குறைகிறது என்று முடிவு எழுதிய அறிக்கையைக் கண்டால் தேர்வாளர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.